டிஷ்யூ அண்ணனின் மேசை

காலை ஏழு மணி ஐந்து நிமிடம். ஃபேரர் பார்க்கில் எங்கள் அலுவலக மாடியில் மின்தூக்கி திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, காலி மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்.

அரசாங்க வேலையில் இருந்துகொண்டே தினமும் மனதுக்குள் வேலையை இழந்தவர் சிங்கப்பூரில் எங்கள் டிஷ்யூ அண்ணனைத் தவிர வேறு யாரும் இல்லை.

பதினெட்டுப் பேருக்கு இனிப் பன்னிரண்டு மேசைதான், முதலில் வருபவர் உட்காரலாம் என்று நிர்வாகம் அறிவித்த மறுநாளே அது தொடங்கியது. உணவங்காடியில் சாப்பாடு வாங்கப் போகும்முன் டிஷ்யூ வைத்து இடம் பிடிப்போமே, அதை அவர் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்.

“அண்ணே, இது ஆபீஸ். ஹாக்கர் சென்டர் இல்ல.”

“உக்கார இடம் இல்லாதவன வீட்டுக்கு அனுப்புறது ஈசி, தம்பி. பதினெட்டுல பன்னெண்டு போனா எத்தன?”

“ஆறு.”

“அந்த ஆறுல நீங்க வேணா இருங்க.”

அண்ணன் கணக்கில், பேன்ட்ரியில் மைலோ பானத்தூள் தீர்ந்தால் ஆட்குறைப்பு. புது மைலோ வந்தால் பிரிவு உபசாரம். மேலாளர் ஜமீலா ஒருநாள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அண்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை. தீ விபத்துப் பயிற்சிக்கு மணி அடித்து எல்லோரும் படியிறங்கியபோது, அவர் மட்டும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“கீழ போயிட்டா, திரும்பி ஏற என் பாஸ் கார்டு கதவுல வேலை செய்யுமா? மொதல்ல அத எழுதிக் குடுங்க!”

பயிற்சிக்குப் பொறுப்பாளர் நான். எழுதிக் கொடுத்தேன்.

போன வருடம் உண்மையிலேயே இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். ஜமீலா அவரை அறைக்குள் கூப்பிட்டார். தண்ணீர்ப் போத்தல், சார்ஜர், குடை, ஒரு தொட்டிச் செடி, எல்லாவற்றோடும் உள்ளே போனார். இருபது நிமிடம். வெளியே யாரும் எதையும் தட்டச்சு செய்யவில்லை.

வந்தவர் செடியை மட்டும் கீழே வைத்தார்.

“போஸ்ட் போச்சு லா. ஆளு போகல. ஜூரோங் ஆபீஸ் கவுண்டர்ல வேலை, ஒரு வருஷம் கான்ட்ராக்ட்.”

“அவ்வளவு தூரமாச்சே, அண்ணே?”

“தூரம் கெடக்கட்டும். மேடத்துகிட்ட நல்லா கேட்டுட்டேன் தம்பி. அங்க எனக்குன்னு தனி மேசை. தரையோட சேத்து போல்ட் போட்டிருக்காங்களாம்!”

ஃபேரர் பார்க்கிலிருந்து ஜூரோங் போய் அண்ணனோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஒரு மணி நேர இடைவேளை போதாது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நாங்கள் நாலு பேர் அரைநாள் விடுப்பு எடுக்கிறோம்.