படி மிதிக்காத பிக்கப்

சங்கரன்கோவிலில் கோட்டிக்காரர்களுக்கு, அதாவது கிறுக்கர்களுக்கு, பஞ்சமே கிடையாது. ஆனால் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் எங்கள் நிலைப்படி அண்ணாச்சியை மட்டும் உட்கார வைத்தால், அவர் தட்டுதான் தரையைத் தொடும்.

பூ மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிற பிக்கப் அவருடையது. நான் அங்கே பூக்கடை வைத்திருப்பவன். தினமும் அந்த வண்டியில் போக வேண்டியது என் தலையெழுத்து.

வண்டி வாங்கிய கையோடு, மேட் வாங்கவென்று ராஜபாளையம் ரோட்டு சீட் கவர் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். கடைக்காரர் பாவம், நல்ல மனிதர். "லோடு வண்டிக்கு ரப்பர் மேட்டுதான் அண்ணாச்சி லாயக்கு. சேத்தோட ஏறுனாலும் கழுவி விட்டுரலாம்" என்றார்.

"வீட்டுக்குள்ள எவனாவது ரப்பர விரிப்பானாவே?" என்று கேட்டுவிட்டு, இவர் செருப்பைக் கழற்றிப் போட்டு ஒவ்வொரு மேட்டிலும் கண்ணை மூடி நின்று பார்த்தார். மத்தியானம் வரை நின்றார். கடைசியில் எடுத்தது என்ன தெரியுமா? சந்தன நிறத்தில் புசுபுசுவென்று ஒரு கம்பளம். கரிசல் காட்டுக்குள் போகிற வண்டிக்கு!

அடுத்தது கதவுக்கு அடியில் ஒட்டுகிற பளபளத் தகடு. "ஏறும்போது கால் பட்டு பெயிண்ட் போகும்லா, அதுக்குத்தான் படியில இத ஒட்டுதது" என்று கடைக்காரர் வாயை விட்டுவிட்டார்.

"படிய மனுஷன் மிதிப்பானாவே?"

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தகட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்தாயிற்று. மிதிப்பதற்கென்றே செய்த தகட்டை ஒருத்தரும் மிதிக்கக் கூடாதாம்! செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கித் தாண்டி ஏற வேண்டும். என் உடம்புக்கு அது நடக்கிற காரியமா? வேட்டி கிழிந்ததுதான் மிச்சம். ஒரு தடவை வண்டியை மறித்த போலீஸ்காரர் வெளியே நின்று கையை நீட்டி ஆர்.சி. புக் கேட்டார். "படிக்கு அங்கன நின்னு வாங்கப்படாது சார். உள்ள வாங்க, தாரேன்" என்று சொன்ன மகானை வேறெங்கே பார்ப்பீர்கள்?

ஒருநாள் எரிச்சலில் கேட்டே விட்டேன். "இது வண்டியா, வீடா அண்ணாச்சி?"

"பொறந்ததுலேருந்து வாடகை வீட்டுப் படியத்தான் தாண்டுதேன். எனக்குன்னு இருக்கது இந்தப் படி ஒண்ணுதான்வே" என்றார். அப்போதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஐப்பசி மழையில் பனவடலிசத்திரம் பக்கம் பிச்சிப்பூ ஏற்றப் போனோம். திரும்பும்போது அவர் சட்டப்படி செருப்பைக் கழற்றிச் சேற்றில் கால் வைத்தேன். உடைந்த பாட்டில் கிழித்துவிட்டது. ரத்தமாகக் கொட்டுகிறது. ஒற்றைக் காலில் நின்று படியைத் தாண்ட முடியுமா?

"நான் பின்னால பூ மூட்டையோட ஏறிக்கிடுதேன் அண்ணாச்சி" என்றேன்.

"கோட்டிக்காரப் பயலே, மிதிச்சு ஏறுலே!"

மிதித்தேன். குங்குமம் அழிந்தது. ஆஸ்பத்திரி வருவதற்குள் சந்தனக் கம்பளம் சிவந்துவிட்டது. மனுஷன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "வலிக்கா, ரொம்ப வலிக்கா?" என்று என் முகத்தையே பார்த்து வண்டி ஓட்டினார். ரோட்டைப் பாரும் என்று நான்தான் கத்த வேண்டியிருந்தது.

கறை போகவில்லை. அவர் மேட்டை மாற்றவும் இல்லை. தகட்டில் மறுபடி குங்குமம் ஏறிவிட்டது, கூடவே பழைய சட்டமும். போன வாரம் புளியங்குடி வியாபாரி ஒருத்தர் செருப்புக் காலோடு படியில் ஏறப் போனார். அண்ணாச்சி வாயைத் திறக்கும் முன்னால் நான் கத்திவிட்டேன்.

"கால எடும்வே! அது அண்ணாச்சி வீடுல்லா!"