சோதிச்சாமியின் ஒளிரும் கச்சான்

1996இல் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் கடவுள் கச்சான் கொட்டைக்குள், அதாவது நிலக்கடலைக்குள், குடியேறினார். போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவர்களுக்கு வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காத காலம். அவருக்கு மட்டும் உடனே இடம் கிடைத்துவிட்டது.

குடியேற்றி வைத்தவர் சோதிச்சாமி. இருட்டறையில் ஊதா விளக்கைப் பிடித்து அவர் மந்திரம் சொன்னால், தட்டிலிருக்கும் கச்சான் நீலமாக ஒளிரும். தின்றால் சோதனைச்சாவடியில் மறிக்கமாட்டார்கள், விசா வரும், செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை மாறும் என்றார். திருநீறு பூசியவர்களும் சிலுவை அணிந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். மத ஒற்றுமைக்கு ஏமாளித்தனம் செய்த தொண்டு சாதாரணமானதல்ல.

மாக்ரெட் உணவுப் பொருட்களைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். பக்கத்து வீட்டுப் பத்மாவதி, செங்கமாரியில் கிடந்த கணவருக்கு மருந்தை நிறுத்திவிட்டு அந்தக் கச்சானை ஊட்டுவதைக் கண்டு பதறிப்போனாள். எடுத்துச் சொன்னாள். கண்ணால் கண்டதை எப்படி நம்பாமல் விடுவது என்று பத்மாவதி கோபித்துக்கொண்டாள்.

அப்படியானால் கண்ணுக்கே காட்டுவோம் என்று, அடுத்த வெள்ளிக்கிழமை மாக்ரெட் பத்மாவதியையும் கூட்டிக்கொண்டு இரண்டு பொட்டலங்களுடன் சாமியிடம் போனாள். முதலாவதில் நல்ல கச்சான். அதை ஒளிரச் செய்யும்படி பணிவாகக் கேட்டாள். சாமி தொண்டை வறள மந்திரம் சொன்னார். கச்சான் கச்சானாகவே இருந்தது. இரண்டாவதை அவள் மந்திரமில்லாமலே விளக்கின் கீழ் கொட்டினாள். பளிச்சென்று நீலம்.

"இது புறக்கோட்டைக் கடையிலை எறிய வைச்ச மூட்டையிலை எடுத்தது. பூஞ்சணம் பிடிச்ச கச்சான். மினுங்கிறது அதின்ரை நஞ்சு. ஈரலுக்குள்ளை போய் டி.என்.ஏ.யைச் சேதமாக்கும். தொடர்ந்து திண்டால் புற்றுநோயும் வரும். வறுத்தாலும் முழுக்கப் போகாது."

அந்த மூட்டைகளை வழக்கமாக அள்ளிப் போவது சாமிதான் என்று கடைக்காரர் சொன்னதையும் அவள் மறைக்கவில்லை.

எல்லாம் இறைவன் சித்தம் என்றார் சாமி. பத்மாவதி தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்ப நீங்களும் ஒரு பிடி சாப்பிடுங்கோ."

சாமிக்கு அன்று விரதமாம். நாளைக்குச் சாப்பிடலாமா என்று கேட்டாள். மறுநாள் அவர் ஊரிலேயே இல்லை. அவர் விட்டுப்போன விளக்கு, வங்கியில் கள்ள நோட்டுப் பார்க்கப் பயன்படுவது.

பத்மாவதியின் கணவர் ஆஸ்பத்திரி மருந்தில் தேறினார். சனம் மட்டும் தேறவில்லை. மறுவாரம் மாக்ரெட்டின் வாசலில் கச்சான் பொட்டலங்களோடு வரிசை நின்றது. அம்மா கையால் தொட்டுத் தந்தால் போதுமாம்.

"என்னையும் நம்பாதேங்கோ, கேள்வி கேளுங்கோ," என்றாள் அவள். "மூளையிலை பூஞ்சணம் பிடிச்சால் எந்த விளக்கிலையும் தெரியாது."