நடு இல்லாத படம்

குக்கர் விசில் அடிக்கவில்லை. மூடியைச் சுற்றி ஆவியை விட்டுக்கொண்டு சும்மா பெருமூச்சு விட்டது. லோகநாயகி அடுப்பை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தாள். பருப்பு இருந்தது, தண்ணீர் இருந்தது, மூடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம்தான் இல்லை.

"யோவ், கேஸ்கட் எங்க?"

வாசலில் குந்தியிருந்த கங்காதரன் நிமிரவில்லை. அவன் முன்னால் ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி திறந்து கிடந்தது.

"எந்த கேஸ்கட்?"

"வூட்ல எத்தினி கேஸ்கட் கீது? குக்கர்து!"

"அதுவா? ஸ்பேரா இருந்துச்சேன்னு எடுத்தேன்."

கங்காதரன் மீன்பிடித் தோணிகளின் என்ஜினைப் பழுது பார்ப்பவன். அவன் அகராதியில் ஸ்பேர் என்றால், அந்த நிமிடம் வரை யாரும் தேடாத சாமான் என்று பொருள். அந்தக் கணக்கில் டேபிள் ஃபேனின் பேரிங், லோகநாயகியின் குடைத்துணி, சவரப் பிளேடுகள் எல்லாம் ஏற்கெனவே ஸ்பேராகிப் பெட்டிக்குள் போய்விட்டன. பொன்னேரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சாலமன், உடைந்த கேமரா ஒன்றிலிருந்து லென்ஸைக் கழற்றிக் கொடுத்திருந்தார். ஊர்ப் படம் எடுக்க அவன் செய்துகொண்டிருந்த கேமரா அது. பெட்டி தன்னைத் தானே சுற்றும். சுற்றச் சுற்ற உள்ளே பிலிம் ஓடும். இரண்டு பிளேடுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாக நாலு திசையும் ஒரே நீளப் படமாகப் பதியும். சுற்றுவதற்கு ஒரு லாரியின் வைப்பர் மோட்டார் கிடைத்தது. அந்த மோட்டாருக்கு பெல்ட் தேடியபோதுதான் குக்கர் கண்ணில் பட்டது.

"போன்ல எடுத்தா ஆவாதா?" என்றாள் லோகநாயகி.

"போன்ல எடுத்து போன வருஷம் இன்னா ஆச்சுன்னு மறந்துட்டியா?"

யாரும் மறக்கவில்லை. ஏரியில் எந்த இடத்தில் யார் முதலில் வலை போடுவது என்பதை அந்தக் குப்பத்தில் வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். குலுக்கல் முடிந்து சில நாளில் ஊரே கூடி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளும். முதல் சீட்டு வந்தவர் குடும்பம் நடுவில் நிற்கும், அடுத்தடுத்து வந்தவர்கள் இரண்டு பக்கமும், கடைசிச் சீட்டு ஓரத்தில். போன வருஷம் யாரோ போனை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்து நீளமாக எடுத்தார்கள். படத்தில் தலைவர் முத்துராஜுக்கு மூன்று கைகள் வந்தன. மூன்றாவது கை பக்கத்து வீட்டு அம்மாளின் தோளில் இருந்தது. தலைவர் வீட்டில் நடந்த விசாரணை தெரு முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு, ஊர்ப் படத்தைப் போனில் எடுக்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் முடிவானது.

கங்காதரனின் கவலை வேறு. குலுக்கலில் அவன் கையை விட்டாலே கடைசிச் சீட்டுதான் வரும். பொதுக்கூடத்துச் சுவரில் தொங்கும் ஊர்ப் படங்கள் எல்லாவற்றிலும் அவன் ஓரத்தில் நின்றான், எல்லாவற்றிலும் ஓரம் வெட்டுப்பட்டது. ஒரு படத்தில் அவன் முழங்கை இருக்கிறது. இன்னொன்றில் ஒரு காது. மற்றொன்றில் லோகநாயகிக்குப் பக்கத்தில் தெரியும் சட்டை நுனி தன்னுடையதுதான் என்று அவன் சத்தியம் செய்வான், யாரும் நம்புவதில்லை. இந்த வருஷமும் கடைசிச் சீட்டு. ஒரே ஒரு படத்திலாவது முழு ஆளாக நிற்க வேண்டும் என்று அவனுக்கு வெறியே பிடித்திருந்தது.

"அதெல்லாம் சரி. பருப்பு எப்படி வேவும்?"

"இரு, வேற கேஸ்கட் வெட்டித் தரேன்."

என்ஜினுக்குப் போடும் ரப்பர் ஷீட்டில் வட்டமாக ஒன்றை வெட்டி மூடியில் மாட்டினான். இந்தத் தடவை விசில் வந்தது. மூடியோடு சேர்ந்து வந்தது. பருப்பு மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. லோகநாயகி துடைப்பத்தை நீட்டினாள். அவன் அவளுடைய தையல் மெஷின் மேல் ஏறி நின்று கூரையைச் சுரண்டினான். இறங்கும்போது மெஷினின் கைச்சக்கரம் கண்ணில் பட்டது. மோட்டார் மக்கர் செய்தால் கையால் சுற்ற அது உதவுமே என்று தோன்றியது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அதுவும் ஸ்பேராகிவிட்டது.

படத்துக்கு முந்தின நாள் பொதுக்கூடத்தில் ஊர் கூடியது. இந்த வருஷ முதல் சீட்டு தலைவர் முத்துராஜுக்கே வந்திருந்தது.

"முதல் சீட்டு என்னுது. நான் நடுவுல நிக்கணுமா, வாணாமா?" என்றார் முத்துராஜ்.

"ண்ணா, இந்தப் படத்துல நடுவே கெடையாது. கேமராவ வெச்சு, சுத்தி வட்டமா நிக்கப்போறோம். வட்டத்துக்கு ஓரமும் இல்ல, நடுவும் இல்ல. அல்லாரும் ஒண்ணு," என்றான் கங்காதரன்.

பின் வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். முத்துராஜ் மீசையைத் தடவியபடி யோசித்தார்.

"சரி. பிலிமக் கழுவிப் பிரிச்சா பட்டையாத்தானே வரும்? பட்டைக்கு ரெண்டு முனை கீதே. முனைல யாரு நிக்கிறது?"

கங்காதரன் இதை யோசித்திருக்கவில்லை. ஆனாலும் வாய் உடனே வேலை செய்தது.

"ஒரு சுத்து முடிஞ்சதும் நிறுத்தாம, இன்னும் கொஞ்சம் சுத்துவேன்ணா. முனைல நின்னவங்க மறுபடியும் வருவாங்க. அவங்க மட்டும் ரெண்டு தபா."

பிரச்சினை தீர்ந்தது என்று கங்காதரன் நினைத்தான். இறால் ஏலம் கூவும் இருசம்மாள் எழுந்தாள். கரையில் அவள் கூவினால் ஏரியின் நடுவில் கேட்கும்.

"அவங்க மட்டும் ரெண்டு தபா, நாங்க ஒரு தபாவா? நாங்க இன்னா தக்காளி தொக்கா?"

அவ்வளவுதான். இத்தனை வருஷமாக ஓரம் வேண்டாம் என்று அடித்துக்கொண்ட ஊர், இப்போது ஓரம்தான் வேண்டும் என்று அடித்துக்கொண்டது. முத்துராஜும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "முதல் சீட்டுக்குத்தான் முனை!" என்று இறங்கிவிட்டார். கங்காதரன் பெஞ்சு மேல் ஏறிக் கத்தினான்.

"ரெண்டு சுத்து! முழுசா ரெண்டு சுத்து சுத்துறேன். அத்தினி பேரும் ரெண்டு தபா. போதுமா?"

போதும் என்றார்கள். பிலிம் ஒரே ஒரு ரோல்தான் இருக்கிறது, அதில் இரண்டு சுற்றுக்கு மேல் ஒரு விரற்கடைகூட மிஞ்சாது என்பதை அவன் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏரிக்கரையில் மூன்று மூங்கில் கழிகளைக் கட்டி, அதன் மேல் பெட்டியை ஏற்றினான். தோணி பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு வயர் போனது. காட்டுப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள்கூட லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். எல்லாரும் கேமராவைச் சுற்றிப் பெரிய வட்டமாக நின்றார்கள். ஏரிப் பக்கம் நின்ற லோகநாயகி, தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு, யார் வந்தாலும் முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கங்காதரன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி அவளை நோக்கி நடந்தான். மோட்டார் சுற்றியது. பெட்டி சுற்றவில்லை.

"பெல்ட் வழுக்குது!"

"அத்தினி வருஷம் பருப்பும் எண்ணெயும் குடிச்ச கேஸ்கட்டு. கழுவாம எடுத்துக்கினு போனா வழுக்காம இன்னா செய்யும்?" என்றாள் லோகநாயகி, சிரித்த முகத்தைக் கலைக்காமல்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பவுடர் வழிய ஆரம்பித்தது. கங்காதரன் பைக்குள்ளிருந்து தையல் மெஷின் சக்கரத்தை எடுத்தான். லோகநாயகியின் சிரிப்பு அப்போதுதான் கலைந்தது. சக்கரத்தைப் பெட்டியின் அடியில் மாட்டி, லென்ஸுக்குக் கீழே குந்திக்கொண்டு கையால் சுற்றத் தயாரானான். முதல் சுற்றையும் இரண்டாவதில் பாதியையும் சுற்றிவிட்டு, லோகநாயகியின் இடம் நெருங்கும்போது வேகமாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு, ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றுவிட வேண்டும். இதுதான் திட்டம்.

"யாரும் அசையாதீங்க! அல்லாரும் கேமராவையே பாருங்க!"

முதல் சுற்று அருமையாகப் போனது. இருசம்மாள்கூட வாயை மூடியிருந்தாள். இரண்டாவது சுற்றில் லென்ஸ் முத்துராஜிடம் வந்தது. முத்துராஜ் அதைப் பார்த்தார். அது நகர்ந்தது. முதல் சீட்டுக்காரர் எல்லாரையும்போல் ஒரே இடத்தில் நிற்பதா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவரும் கூடவே நகர்ந்தார். நண்டு மாதிரி பக்கவாட்டில், மீசை கலையாமல், லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்காமல், எல்லாருக்கும் முன்னால் நடந்தார்.

"தலைவரே, மறைக்காத!"

"யாராவது அவரு வேட்டியப் புடிங்கடி!"

"ண்ணா, நில்லுண்ணா! பிலிம் பூடும், நில்லுண்ணா!" என்று கங்காதரன் கத்தினான். கத்தியபடியே கை சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் இருசம்மாள் தலைவரின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அப்போதுதான் அவனுக்குத் தன் நினைவு வந்தது. ஒரு தள்ளு தள்ளிவிட்டு, மணலில் விழுந்து எழுந்து ஓடி, லோகநாயகியின் பக்கத்தில் போய்ப் பல்லெல்லாம் தெரிய நின்றான். பெட்டிக்குள் டக்கென்று பிலிம் தீர்ந்தது.

"கேமரா என்னத் தாண்டிப் பூட்டா மாதிரி இருந்துச்சேய்யா," என்றாள் லோகநாயகி.

"இல்லடி, படத்துல வுழுந்திருப்பேன். கட்டாயம் வுழுந்திருப்பேன்."

அன்றே பொன்னேரிக்குப் போனான். சாலமன் பிலிமைக் கழுவி, துண்டு துண்டாகப் பெரிதாக்கி, ஒட்டி, ஒரு பாயைப்போல் சுருட்டிக் கொடுத்தார். ஊருக்கு முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று கங்காதரன் வழியெல்லாம் அதைத் தொடாமல் கொண்டுவந்தான்.

கூடத்தில் பிரித்தார்கள். ஊரே இரண்டு தபா வந்திருந்தது. இரண்டாவது தபாவில், லென்ஸ் கூடவே நடந்த முத்துராஜ் இழுபட்டு ஒரு தோணி நீளத்துக்கு இருந்தார். அவர் கோபப்படுவார் என்று எல்லாரும் பயந்தார்கள்.

"ஆளுன்னா இப்படி இருக்கணும்," என்றார் அவர்.

ஆனால் சுவரில் மாட்டப் போனபோது சண்டை மறுபடி ஆரம்பித்தது. எத்தனை சுற்று சுற்றினாலும் பட்டைக்கு இரண்டு முனை இருந்தது. முனையில் இருந்தவர்கள் எங்களை ஓரங்கட்டிவிட்டான் என்றார்கள். லோகநாயகிக்குப் பொறுமை போய்விட்டது.

"வட்டமா எடுத்தத வட்டமாவே மாட்டித் தொலைங்களேன்!"

மூங்கில் பிளாச்சை வளைத்து, முகங்கள் உட்பக்கம் பார்க்கும்படி படத்தை அதில் ஒட்டி, முனையோடு முனையைச் சேர்த்து, கூடத்து ஃபேன் கொக்கியில் தலை உயரத்துக்குத் தொங்கவிட்டார்கள். குனிந்து உள்ளே போய் நிமிர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓரம் எங்கேயும் இல்லை. ஊர் ஒருவழியாக அடங்கியது.

கங்காதரன் உள்ளே போனான். மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு முகமாகத் தேடினான். லோகநாயகி இரண்டு இடத்திலும் அழகாக வந்திருந்தாள். இரண்டு இடத்திலும் அவள் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு ஏரித் தண்ணீர் தெரிந்தது. மறுபடியும் சுற்றினான். இந்தத் தடவை முழங்கைகூட இல்லை.

வெளியே வந்து சுவரோரமாக உட்கார்ந்தான். அழுதால் கேலி செய்வார்களே என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டான். லோகநாயகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குக்கரைப் பற்றியோ மெஷினைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

"அத்தினி பேரையும் கொண்டாந்தேன். நான் ஒருத்தன்தான் இல்ல," என்றான்.

அதற்குள் இருசம்மாள் குனிந்து வளையத்துக்குள் போயிருந்தாள். வெளியே அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை ஒரு சுற்றுச் சுற்றின, இரண்டாவது சுற்றில் பாதியில் நின்றன. பிறகு உள்ளேயிருந்து ஏலக் குரல் கேட்டது.

"அடியே லோகு, இங்க வந்து நின்னு பாருடி, ஊரே என்னையே பாக்குது! நடுவே கெடையாதுன்னு நம்ம அத்தினி பேரையும் டபாய்ச்சுட்டு, அன்னிக்கு இந்த எடத்துல குந்திக்கினு இருந்தது உன் புருஷன்தானே?"