அந்தோனியாருக்கு நேர்ந்த வால்வுப் பெட்டி

கலியாணம் கட்டிய நாளிலிருந்து மரியநேசன் எடுத்த ஒரேயொரு வீரமான முடிவு இதுதான்: தான் கட்டிய வால்வு அம்ப், கிற்றார்ச் சத்தத்தைப் பெருக்குகிற அந்தப் பெட்டி, வீட்டை விட்டு அசையாது. பெண்சாதி புனிதமலர் தலைகீழாக நின்றாலும் அசையாது. முடிவை எடுத்தது கிணற்றடியில், குசினியில் சமைக்கிறவளுக்குக் கேட்காத தூரத்தில். அதற்காக அவனைக் கோழை என்று நினைத்துவிட வேண்டாம். வீரத்துக்கும் பாதுகாப்பான இடம் ஒன்று வேண்டும்தானே.

முல்லைத்தீவுக் கடற்கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவன் அவன். கை நிறைய கிறீஸ், மனம் நிறைய கிற்றார். கடையில் விற்கிற அம்ப் ஒன்றும் அவனுடைய மின்சாரக் கிற்றாருக்குச் சரிவரவில்லை. வால்வில் வருகிற சத்தத்துக்குத்தான் உயிர் இருக்கிறதாம். மற்றதெல்லாம் தகரத்தில் மழை பெய்கிற சத்தமாம். ஆகவே தானே கட்டத் தொடங்கினான். சிநேகிதன் பாறூக் தன் கடைக்குப் பின்னால் கிடந்த பழைய றேடியோக்களைப் பிரித்து உள்ளே இருந்த கண்ணாடிக் குழல் வால்வுகளைக் கொடுத்தான். ட்ரான்ஸ்போமர் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் மரியநேசனின் மடியில் இருந்தே வந்தது. பெற்ற மகளைக்கூட அவன் அவ்வளவு கவனமாக மடியில் வைத்திருந்ததில்லை. வேலை முடிந்தபோது அம்ப் ஒரு குட்டி அலுமாரியளவு வளர்ந்து, வீட்டு ஹோலில் வெளிச்சம் விழுகிற நல்ல மூலையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது.

அதோடு நின்றிருந்தால் புனிதமலர் பொறுத்திருப்பாள். அவனோ கிற்றாருக்குப் பிக்கப்பும் தானே சுற்றுவேன் என்று வெளிக்கிட்டான். பிக்கப் என்றால் வேறொன்றுமில்லை, காந்தத்தைச் சுற்றித் தலைமயிரிலும் மெல்லிய செப்புக்கம்பி, ஆயிரக்கணக்கில் சுற்று. கிற்றார்க் கம்பியின் துடிப்பைப் பிடித்து அம்புக்கு அனுப்புவது அதுதான். கையால் சுற்றினால் ஆயுசு போய்விடும். புனிதமலரோ ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவள். அவள் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய தையல் மெசினில், நூல் சுற்றுகிற இடத்தில் காந்தத்தைப் பூட்டி மிதி மிதியென்று மிதித்தான். பிக்கப் அருமையாக வந்தது. தையல் மெசின்தான் அன்றிலிருந்து அழுதழுது தைத்தது.

"இஞ்சருங்கோ, என்ர ஊசியள் எங்க?"

"தேடிப் பாரன்."

"பாத்திட்டன். உங்கட கிற்றாரில முள்ளம்பண்டி மாதிரிக் குத்திக்கொண்டு நிக்குது."

"அது காந்தமப்பா, இழுக்கும்."

"இழுக்கட்டும். எனக்குச் சட்டை ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசின் வருகுது. அந்த மூலை வேணும். உந்தச் சவப்பெட்டியைப் பாறூக் நானாட்டையே திருப்பிக் குடுங்கோ."

"சவப்பெட்டியோ! அது பாடும்."

"மகளின்ர ஸ்பீக்கர் உள்ளங்கையளவு. அதுவும்தான் பாடுது. உது கொதிக்குது, உறுமுது, மூலையை விட்டு எழும்புதில்லை. உதுக்கும் உங்கட அம்மாவுக்கும் என்ன வித்தியாசம்?"

"அம்மாவை இழுக்காத!"

"சரி, அம்மா இருக்கட்டும். உது போகட்டும்."

மரியநேசன் சுவரைப் பார்த்தான். சுவர்ப் படத்தில் புனித அந்தோனியார் பாலன் இயேசுவைத் தூக்கிக்கொண்டு நின்றார். மூளையில் ஒரு மின்னல் வெட்டியது. கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். இந்தக் குடி மூளை சொன்னதைக் கேட்டே கெட்டது.

"அது எங்கயும் போகேலாது. நான் உதை அந்தோனியாருக்கு நேர்ந்துபோட்டன்."

அந்தக் கரையில் நேர்ந்த பொருளென்றால் கதை அவ்வளவுதான். விற்கேலாது, கொடுக்கேலாது, ஏசவும் ஏலாது. பக்கத்து வீட்டில் நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று கட்டிலில் ஏறி நின்று கூவும். ஒரு குஞ்சுகுருமான் கல்லெடுத்து எறியாது. தன் அம்பும் அப்படியே வாழ்ந்துவிட்டுப் போகட்டும் என்று அவன் நினைத்தான். அந்தச் சேவல் கடைசியில் எங்கே போகும் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

புனிதமலர் சிலுவை போட்டுக்கொண்டாள். குரல் பூப்போல வந்தது.

"என்னத்துக்கு நேர்ந்தனீங்கள்?"

"முழங்கால் நோவுக்கு."

"ஐயோ, எனக்குச் சொல்லேல்லையே. இப்ப எப்பிடி?"

இந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் அவன் தப்பியிருப்பான். புனிதரின் மரியாதையைக் காப்பாற்ற நினைத்தான். "நல்ல சுகம்!" என்று சொல்லி நின்ற இடத்திலேயே துள்ளியும் காட்டினான்.

"சுகமாயிட்டுதோ?" என்றாள் புனிதமலர். "அப்ப நேர்த்தியைக் குடுக்கவேணுமெல்லோ."

துள்ளிய கால் தரைக்கு வரும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை நவநாள் பூசையில், புனிதமலர் சொல்லிவைத்தபடி பங்குச் சுவாமி, முழங்கால் சுகமான புதுமையை ஊருக்கே அறிவித்தார். அடுத்த நாள் கரையில் அவனைக் கண்ட படகுச் சொந்தக்காரர் சம்மாட்டி செல்வநாயகம், "எப்ப குடுக்கிறாய்? நேர்த்தி வைச்சிருக்கிறவன் தொட்ட எஞ்சின் நடுக்கடலில நிண்டிடும். குடுத்திட்டு வந்து என்ர எஞ்சினில கை வை" என்றார். கொடுக்காவிட்டால் பிழைப்பு போய்விடும். கொடுத்தால் உயிர் போய்விடும். அந்த அம்பில் அவன் இன்னும் ஒரு பாட்டு முழுதாக வாசித்திருக்கவில்லை.

இனி உண்மையைத்தான் சொல்லவேண்டும் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான்.

"சுவாமி, நேராத பொருளை நேர்ந்தனான் எண்டு பொய் சொல்லிப்போட்டன்."

கம்பித்தட்டிக்கு அந்தப் பக்கம் சுவாமி காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"பெட்டி வேலை செய்யுமோ?"

"செய்யும் சுவாமி. அதுதான் என்ர..."

"கோவில் ஸ்பீக்கர் செற் இடி விழுந்து எரிஞ்சுபோய்க் கிடக்கு. திருநாள் வருகுது."

"சுவாமி, நான் என்ர பாவத்தைச் சொல்ல வந்தனான்."

"ஓம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். பொய்யை மெய்யாக்கிப்போட்டால் பிறகு பாவமெங்க? பெட்டியைக் கொண்டந்து குடும். அதுதான் உம்மட அபராதம்."

கொடியேற்றத்தன்று அம்ப் மாலை போட்டுக்கொண்டு லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏறிப் போனது. முன்னால் பாண்ட் வாத்தியம், பின்னால் சனம், எல்லாருக்கும் பின்னால் மரியநேசன். அன்று மாலை, செபமாலை சொல்லுகிற கன்னியாஸ்திரி, அம்பில் பூட்டிய மைக்கில் வாயைத் திறந்தார். வால்வுகள் செம்மஞ்சளாகப் பூத்தன. அவருடைய கம்மிய குரல் கனிந்து, கனத்து, கோவில் முழுக்க நிரம்பியது. மரியநேசன் இத்தனை காலமாகத் தேடிய அதே சத்தம். அருள் நிறைந்த மரியே ஒவ்வொன்றும் அவனுடைய நெஞ்சை அறுத்தது. தூணைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

"பாருங்கோ, மனிசனுக்கு என்ன பக்தி!" என்று சனம் உருகியது.

பூசை முடிய அவன் சுவாமியிடம் ஓடினான். "சுவாமி, ஒரேயொருக்கா கிற்றாரைப் பூட்டி வாசிக்கவோ?"

"நேர்ந்த பொருளிலயோ?" என்றார் சுவாமி. சொல்லிவிட்டுக் கோவில் கதவைப் பூட்டப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தான். மூலையில் ஓவர்லொக் மெசின் பூட்டியாகிவிட்டது. புனிதமலர் அதில் இருந்து வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். மரியநேசன் கதிரையில் விழுந்தான். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"புனிதம், நான் பொய்தான் சொன்னனான். எனக்கு முழங்கால் நோவுமில்லை, ஒரு மண்ணுமில்லை. நான் நேரவேயில்லை."

"தெரியும்." மெசின் நிற்கவில்லை. "நேர்ந்தது நான்."

"நீயோ?"

"ஓம். நீங்கள் அந்தப் பொய்யைச் சொல்லுறதுக்கு முதல் கிழமையே நேர்ந்திட்டன். உந்தப் பெட்டி சண்டை சச்சரவில்லாமல் வீட்டை விட்டுப் போகவேணுமெண்டு. அந்தோனியார் உங்கட வாயாலயே வழி பண்ணிப்போட்டார். எவ்வளவு நல்ல புனிதர்!"

மரியநேசன் சுவரைப் பார்த்தான். அந்தோனியார் அவனைப் பார்க்கவில்லை. வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் தனக்கென்று ஒருவருமே இல்லை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனாலும் ஒரு சின்ன ஆறுதல். நேர்ந்தது அவள் என்றால், கொடுக்க வேண்டியவளும் அவள்தானே. தன்னுடையது போனதுபோல அவளுடையதும் ஒன்று போகத்தானே வேண்டும்.

"அப்ப நீயும் ஏதோ குடுக்கவேணுமே. என்ன குடுக்கிறதெண்டு நேர்ந்தனீ?"

புனிதமலர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்களைத்தான். சனிக்கிழமையிலயிருந்து நீங்கள் கோவில் கூட்டவேணும்."