மிளகிக்குப் பூச்சிக் குளிசை

ஓட்டி மீனின் தசை முழுவதையும் தின்று முடித்த பூனை மிளகி, அதற்குள் ஒளித்து வைத்திருந்த மருந்துக் குளிசையை மட்டும் சீமெந்து நிலத்தில் விட்டுவிட்டு, வாலை நிமிர்த்தியபடி குசினியை விட்டு வெளியேறியது.

குந்தியிருந்த விஸ்வலிங்கம் அசையாமல் குளிசையைப் பார்த்தார். நக்கித் துடைத்த மாதிரி அது பளபளத்தது.

"திண்டதோ?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அவர் மனைவி விமலாம்பிகை.

"மீனைத் திண்டது. குளிசையைப் பறிமுதல் செய்து என்னட்டையே தந்திட்டுப் போகுது."

விஸ்வலிங்கத்துக்கு இது சாதாரணத் தோல்வி அல்ல. முப்பத்திரண்டு வருடம் சுங்கத்தில் இருந்தவர் அவர். அதிலே பெரும்பகுதி தலைமன்னார் இறங்குதுறையில். இராமேஸ்வரக் கப்பலில் வந்து இறங்குகிறவர் தலைகாணிக்குள் சேலையைத் தைத்திருந்தாலும், ஊறுகாய்ப் போத்தலுக்குள் சங்கிலியை இறக்கியிருந்தாலும், முகத்தைப் பார்த்தே "இந்தப் பெட்டியைத் திறவும்" என்று சொல்லிவிடுவார். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர். போன வருடம், எண்பத்து மூன்றில், ஓய்வுபெற்று வேலணைக்கு வந்தபோது சம்பளம் நின்றது. சந்தேகம் நிற்கவில்லை.

இப்போதுதான் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொருளை அவர் மறைக்க வேண்டியிருந்தது. மறைப்பதைக் கண்டுபிடிக்கும் வேலையை மிளகி எடுத்துக்கொண்டது. வைத்த உணவை முதலில் மோந்து பார்க்கும். பிறகு ஒரு காலால் புரட்டிப் பார்க்கும். கடைசியாக நிமிர்ந்து அவருடைய கண்ணைப் பார்க்கும். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய பார்வை.

எல்லாம் தொடங்கியது மூன்று கிழமைக்கு முன்னர். மிளகியும் ஏறிப் படுக்கிற அவருடைய தலைகாணி உறையில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தது. படுக்கையில் இருந்து யார் சோறு தின்றது என்று மனைவியை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே பருக்கை மெல்ல நெளிந்தது.

மாடு ஆடுகளுக்கு மருந்து கொடுக்கும் யாகப்புவைத் தேடிக் கரம்பொன்னுக்குச் சைக்கிளில் போனார். மிருக வைத்தியப் பகுதியில் வேலைபார்த்து இளைப்பாறிய யாகப்பு வீட்டிலேயே மருந்து வைத்திருந்தார்.

"நாடாப்பூச்சி ஐயா. உள்ளுக்கை கிடந்து சத்தெல்லாத்தையும் உறிஞ்சும். ஒரு குளிசை குடுங்கோ, சரியாப் போகும்."

"விட்டால்?"

"மெலிஞ்சு மெலிஞ்சு போகும். உந்தச் சின்ன உடம்பு தாங்காது."

ஓய்வுபெற்று வந்தபின், விஸ்வலிங்கம் பேசுவதை எழும்பிப் போகாமல் கேட்கிற ஒரே சீவன் மிளகிதான். அதன் விலா எலும்புகள் ஏற்கெனவே தெரியத் தொடங்கியிருந்தன.

அன்று வாயைத் திறந்து போட்ட குளிசை, மிளகி தலையை உதறியதில் முற்றத்துக்குப் பறந்தது. பக்கத்து வீட்டு இராசமணியின் கோழி அதை விழுங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனார். யாகப்பு இந்த முறை ஒரு கடதாசிச் சரையில் பத்துக் குளிசை கட்டிக் கொடுத்தார். நிறம் வேறாக இருந்தது.

"இதென்ன, முந்தித் தந்தது வெள்ளையெல்லோ?"

"புதுச் சரக்கு ஐயா. பொறுமையாக் குடுங்கோ. அவசரம் ஒண்டுமில்லை."

அவசரம் ஒன்றுமில்லை என்று மருந்துக்காரர் சொன்னது விஸ்வலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மீன் வழி சரிவராததால், மறுநாள் குளிசையைத் தூளாக்கிப் பாலில் கலந்தார். மிளகி கிண்ணத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தது. பிறகு கிணற்றடிக்குப் போய், வாளியில் நின்ற தண்ணீரைக் குடித்தது. அதன் பின்னால் அவரும் போனார். திரும்பி வந்தபோது கிண்ணம் வெறுமையாக இருந்தது. விறாந்தைக் கதிரையில் இராசமணி, விமலாம்பிகை கொடுத்த பால் தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"குடியாதையும்! அதுக்குள்ளை மருந்து!"

இராசமணி வாயில் எடுத்த மடக்கை முற்றத்தில் துப்பினாள்.

"என்ன மருந்து அண்ணை?"

"பூனைக்கு வைச்சது."

இராசமணி அவரைப் பார்த்தாள். பிறகு விமலாம்பிகையைப் பார்த்தாள். விமலாம்பிகை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. இவ்வளவு கலங்கிவிட்டாளே என்று விஸ்வலிங்கத்துக்குக் கவலையாகப் போயிற்று.

பொழுது சாய்வதற்குள் ஒழுங்கை முழுவதும் கதை பரவிவிட்டது. சுங்க ஐயா ஏதோ தூளை அரைக்கிறார், முதலில் பூனைக்கு வைத்துப் பரிசோதிக்கிறார், பிறகு யாருக்கோ? மோர் கொண்டுவருகிற பெண் படலையடியிலேயே நின்று, "அக்கா, நீங்கள் சுகமாய் இருக்கிறியளோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். ஐயா கையால் யாரும் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. கோயில் மடைப் பொங்கலைப் பகிர்ந்து கொடுக்க அவர் கையை நீட்டியபோது, "வேண்டாம் அண்ணை, நீங்கள் இருங்கோ" என்று அகப்பையை அவரிடமிருந்து மெல்லப் பறித்தார்கள்.

ஊர் அவரைச் சந்தேகித்தது. அவரோ எல்லாவற்றையும் சந்தேகித்தார்.

முதலாவது, தலைகாணியில் இப்போது பருக்கை ஒன்றும் விழுவதில்லை. இது நல்ல அறிகுறி என்று அனுபவமில்லாதவன் நினைப்பான். சரக்கு கண்ணில் படவில்லை என்றால் கடத்தல் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, அது ஒழுங்காக நடக்கிறது என்றுதான் அர்த்தம். இரண்டாவது, மிளகியின் விலா எலும்புகள் மறைந்து வயிறு உருண்டு வந்தது. உள்ளே பூச்சி பெருகி அடைத்துவிட்டதாக்கும். மூன்றாவது, விமலாம்பிகை சமைக்கும்போது பாட்டு முணுமுணுக்கிறாள். அவர் வந்த நாளிலிருந்து பாடாத பெண்.

"என்ன பாட்டு?" என்று கேட்டார்.

"சும்மா. நீங்கள் பூனையைப் பாருங்கோ, பின்வளவுக்கை போகுது."

பூனையைப் பார்க்கத்தான் அவருக்கு நேரம் சரியாக இருந்தது. விடிந்தால் மிளகி, பொழுதுபட்டால் மிளகி. கறிக்கு உப்புக் கூடவோ, தேங்காய் பாதியா முழுதா, சட்டியில் என்ன கொதிக்கிறது என்று மூடி திறந்து பார்க்கக்கூட இப்போது அவகாசமில்லை.

கடைசியில் பலப்பிரயோகம் என்று முடிவெடுத்தார். ஒரு சாக்கில் மிளகியைத் தலை மட்டும் வெளியே தெரியச் சுற்றி, முழங்கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்தார். இடக்கை அதன் தாடையைத் திறந்தது. குளிசை வலக்கையில்.

"ஆ காட்டு. இஞ்சை பார், என்னைப் போல. ஆ..."

வாயைத் திறந்து காட்டினார். சாக்குக்குள்ளிருந்து எப்படியோ வெளியே வந்த ஒரு முன்கால் அவருடைய வலக்கையில் ஓங்கி அடித்தது. குளிசை மேலே எழும்பி, திறந்திருந்த வாய்க்குள் விழுந்தது. அவருடைய வாய்க்குள். திடுக்கிட்டதில் அதைக் கடித்து விழுங்கியும்விட்டார்.

மிளகி மதிலேறி அவரைத் திரும்பிப் பார்த்தது.

"விமலா! நான் பூச்சிக் குளிசையை விழுங்கிப்போட்டன்!"

விமலாம்பிகை கரண்டியோடு வந்தாள். பதறவில்லை. "ஒண்டும் செய்யாது. தண்ணி குடியுங்கோ."

"உமக்கெப்படித் தெரியும் ஒண்டும் செய்யாதெண்டு?"

"உங்களை எது செய்யும்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

விஸ்வலிங்கம் நாக்கால் பல்லைத் துழாவினார். மருந்தின் கசப்பு இல்லை. இலேசான காறல், மாவுப் பதம், எங்கோ பழகிய வாசம். இன்னுமொரு குளிசையை எடுத்து நுனியில் கடித்துப் பார்த்தார்.

ஒடியல் மா! பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மா!

எல்லாம் ஒரு நொடியில் வெளித்தது. யாகப்பு! மருந்தென்று சொல்லி ஒடியல் மாவை உருட்டிக் கொடுக்கிற கள்ளன். அதுதான் புதுச் சரக்கு. அதுதான் அவசரமில்லை. அவர் ஆசையாய் வளர்க்கிற சீவன் உள்ளுக்குள் அரிபட்டுச் சாக, இந்த மனிதன் சிரித்துக்கொண்டு சரை கட்டியிருக்கிறான். கோபத்தோடு, கடித்த மிச்சத்தைச் சாட்சிப் பொருளாகச் சரைக்குள் மடித்து வைத்தார். அதே சமயம், ஓய்வுபெற்றபின் முதன்முறையாக, உடம்பில் பழைய இரத்தம் ஓடியது.

நேரே போய்ச் சண்டை பிடிப்பது அவருடைய முறையல்ல. சரக்கோடு பிடிக்க வேண்டும். யாகப்பு வெள்ளிக்கிழமைகளில் புங்குடுதீவுப் பக்கம் மாடு பார்க்கப் போவார். வீட்டில் மனைவி மேரிஜோசப்பின் மட்டுந்தான் இருப்பாள். விஸ்வலிங்கம் அங்கே போன இரண்டு தரமும் அவள் பின்னால் வேலையாக இருந்ததால் இவரைப் பார்த்ததில்லை. வெள்ளி காலை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்து, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, சரவணை வழியாகக் கரம்பொன்னுக்கு மிதித்தார்.

"ஆரும் இருக்கிறியளோ?"

மேரிஜோசப்பின் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அவர் இல்லை ஐயா. என்ன விசயம்?"

"நான் சரவணை ஆள். என்ரை பூனைக்குப் பூச்சி. குளிசை ஒண்டு வேணும்."

"அதுக்கென்ன, நான் எடுத்துத் தாறன்."

உள்ளே அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. விஸ்வலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு நிமிடம். போலிச் சரக்கு கைக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தான் யாரென்று சொல்ல வேண்டும்.

மேரிஜோசப்பின் இரண்டு போத்தல்களோடு வெளியே வந்தாள். ஒன்றில் வெள்ளைக் குளிசை, மற்றதில் அவர் கடித்துப் பார்த்த அதே குளிசை.

"ஏன் ரெண்டு?" என்றார், குரலைத் தாழ்த்தி.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "வெள்ளை பூனைக்கு ஐயா. மற்றது வேலணையிலை ஒரு அம்மா ஒடியல் மாவிலை உருட்டிக் கொண்டுவந்து தந்தது. அவ பூனைக்கு முதல் கிழமையே நெய்யிலை குழைச்சுக் குடுத்துச் சுகமாக்கிப்போட்டா. இது, பென்சன் எடுத்து வந்து நாள் முழுக்கக் குசினிக்குள்ளை சட்டி திறந்து பாக்கிற அவவின்ரை மனிசனுக்கு. உங்களுக்கு எது வேணும், பூனைக்குக் குடுக்கிறதோ, புருசனுக்குக் குடுக்கிறதோ?"