கோயில் படிக்கு இருபத்துநான்கு தொட்டி பைடன்ஸ்

அன்பு மருமகள் கிளாரிசாவுக்கு, தாய்மாமன் அகஸ்டின் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கு மலைமேல் நானும் உன் மாமி ஆரோக்கியம்மாளும் ஏழு கோழிகளும் நலம். ஈப்போவில் நீயும் மாப்பிள்ளை டெஸ்மண்டும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறோம். இப்பேர்ப்பட்ட செய்தியை வாட்ஸ்அப் தாங்காது என்பதால் ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றும் எட்ரியனின் லோரியில் கடிதமாகவே கொடுத்தனுப்புகிறேன்.

அடுத்த மாதம் உன் கல்யாணத்துக்கு, தாய்மாமன் சீராக, கோயில் படியின் இருபுறமும் பூத்தொட்டி வைப்பேன் என்று தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் அறுபது பேர் கேட்க உன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். அதில் ஐம்பத்தெட்டு பேர் பஸ்ஸுக்கு நின்றவர்கள்தான், ஆனாலும் சாட்சி சாட்சிதானே. நீ அனுப்பிய பைடன்ஸ் பூ விதையை வாசல் பாத்தியில் தூவினேன். முளைத்ததா, படையெடுத்ததா! காலையில் காபி குடித்துவிட்டுத் திரும்பினால் ஒரு சாண் ஏறியிருக்கும். பக்கத்து ஊர் கியா பார்ம் முட்டைக்கோஸ் எல்லாம் வெட்கத்தில் சுருங்கிவிட்டதாகக் கேள்வி. பாத்தியில் இரண்டு விதமாக நின்றது. ஒன்று தடித்த தண்டு, அகன்ற இலை, கங்காணி மாதிரி விறைப்பு. மற்றது கொத்தமல்லித் தழைபோல மெலிந்து தரையில் படுத்துக் கிடந்தது. தாய்மாமன் சீருக்கு நோஞ்சானையா வைப்பது? தடித்ததை எல்லாம் தொட்டிக்கு மாற்றும்போது உன் மாமி வந்து நின்றாள்.

"இங்க பாருங்க, முப்பது வருஷமா தேயிலைக்கு நடுவுல நான் புடுங்குன புல்லுலா இது. துணியில ஒட்டிக்குமே, அது."

"நீ புல்லத்தான் பாத்திருக்க. பைடன்ஸ பாத்திருக்கியா?"

"சரி, அந்த நோஞ்சான எனக்குக் குடுங்க."

தர்மமாகக் கொடுத்தேன். பழைய கொழுந்துக் கூடையிலும் பெயிண்ட் டின்னிலும் நட்டு, நல்ல வெயில் விழும் கோழிக்கூண்டுக் கூரைமேல் வைத்துவிட்டாள். நானோ இருபத்துநான்கு தொட்டிக்கும் அடியில் ஓட்டை போட்டு, உரம் வைத்து, மழைக்குப் பிளாஸ்டிக் கட்டி, துரை பங்களாவில்கூட நடக்காத உபசாரம் செய்தேன். எஸ்டேட் கணக்கு எழுதி ரிட்டையர் ஆன கிராணி நாகப்பன் வந்து பார்த்து, "ஏன்யா, மருந்து அடிக்கலையா?" என்றார். பூச்சிக்குத்தான் கேட்கிறார் என்று, "எல்லாம் இயற்கை முறை லா, கிராணி" என்றேன். தொட்டிகளை ஒன்றுவிடாமல் எண்ணிவிட்டுப் போனார். இப்போது மொட்டு கட்டியிருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று இது வெடிக்கிற அன்றைக்குப் பிரிஞ்சாங் வரை கார் நிற்கும், எழுதி வைத்துக்கொள்.

பூத்துக் குலுங்கும் வாழ்வு உனக்கு அமையட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
அகஸ்டின் மாமா

பி.கு.: எட்ரியன் லோரியின் கிளட்ச் போய்ப் பதினாறு நாளாக நிற்கிறது. கடிதம் இன்னும் என் சட்டைப்பையில்தான். இதற்குள் தொட்டிகள் பூத்துவிட்டன. இருபத்துநான்கும் வெள்ளை, சட்டைப் பொத்தான் அளவு. சில தொட்டிகளில் கறுப்பு ஊசி விதையும் வந்து, என் காற்சட்டையில் பாதித் தோட்டம் ஒட்டியிருக்கிறது. கிராணி கேட்டது களைமருந்தைத்தான் என்று இப்போதுதான் புரிகிறது. கோழிக்கூண்டின் மேலோ மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் கூரை தெரியாமல் வழிகின்றன. டூரிஸ்டுகள் கோழியோடு சேர்த்துப் போட்டோ எடுக்கிறார்கள். படிக்கு வைக்கக் கேட்டால், "தரேன். ஆனா தாய்மாமன் சீரு இல்ல, மாமி சீருன்னு மைக்ல சொல்லணும்" என்கிறாள் உன் மாமி. சம்மதித்துவிட்டேன். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காதே. வாக்குக் கொடுத்த பாவத்துக்கு என் தொட்டி ஒன்றைக் கடைசிப் படியில் வைக்கிறேன். கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கு. மறந்தாயோ, தேனிலவு முடிந்து ஊர் திரும்பும்வரை தாய்மாமன் ஆசீர்வாதம் உன்னைவிட்டுப் பிரியாது.