கயிறு எட்டாத கிணறு

பாகலூர்
28-1-1957

பாரூரில் இருக்கும் சிரஞ்சீவி மைத்துனன் திம்மராயனுக்கு எல்லப்பன் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் செல்வம்மாளும் மகள் முனிலட்சுமியும் இரண்டு எருமைகளும் சௌக்கியம். உன் வீட்டார் சௌக்கியத்தையும், ஏரியில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்பதையும் எழுதவும்.

நிற்க. முனிலட்சுமி கல்யாணம் நின்றுவிட்டது என்று போன வாரம் நான் போட்ட கார்டைக் கிழித்துப் போடு. கல்யாணம் உண்டு. நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி.

மாப்பிள்ளை ஆஞ்சப்பனுக்கு மலைமேல் நாட்றாம்பாளையம். கிருஷ்ணகிரி அணைக்கட்டு வேலையில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறார். குணம், குடும்பம் எல்லாம் திருப்தி. கிணறு ஒன்றுதான் பாக்கி. தண்ணீர் எத்தனை அடியில் என்று பார்க்காமல் பெண்ணைக் கொடுக்க முடியுமா? ஆனால் சம்பந்தம் முடியாத வீட்டில் கை நனைக்கக் கூடாதே, ஒரு குடம் சேந்திக் காட்டுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? ஆகவே கார்த்திகையில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, யாரும் பார்க்காத சமயம் கிணற்றில் ஒரு கல்லை நழுவ விட்டேன். நம் வீட்டுக் கிணற்றில் ஒரு தடவை 'முனீஸ்வரா' சொல்லி முடித்தால் கல் தண்ணீரைத் தொடும், பதினாறு அடி. அங்கே இரண்டு முனீஸ்வரா ஆயிற்று. அப்படியானால் முப்பத்திரண்டு. என் பெண்ணின் கை தாங்கும் என்று அப்போதே தட்டு மாற்றிக்கொண்டேன்.

போன வாரம் சீர்வரிசையாகப் பித்தளைக் குடமும், முடிச்சுக்கும் சேர்த்து முப்பத்தாறு அடிக்குப் புதுக் கயிறும் கொண்டுபோனேன், சம்பந்தியம்மா ரங்கம்மா குடத்துக்குக் குங்குமம் வைத்தாள், ஊர்ப் பெண்களெல்லாம் சுற்றி நின்றார்கள், நான் இறக்கினேன், இறங்குகிறது, இறங்குகிறது, கயிறு தீர்ந்துவிட்டது, குடம் பாதிக் கிணற்றில் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது! பெண்கள் சிரித்த சிரிப்பு அஞ்செட்டி வரைக்கும் கேட்டிருக்கும். "ரெண்டு மாசத்துக்குள்ள தண்ணிய எங்க ஒளிச்சு வெச்சீங்க?" என்று கத்திவிட்டு வந்து உனக்குக் கார்டு போட்டேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையே வந்து நின்றார். "மாமா, நாங்க ஏமாத்தலீங்க. கல்லு ஒரே நடையில போறதில்லீங்க, போகப்போக வேகம் ஏறும். மொதல் முனீஸ்வராவுக்குப் பதினாறடி, ரெண்டாவதுக்கு அதப்போல மூணு பங்கு, நாப்பத்தெட்டு. எங்க கிணறு அறுபத்து நாலு அடிங்க" என்றார். நம்பவில்லை. மலைக்கு அழைத்துப் போய் ஒரு செங்குத்துப் பாறைமேல் நிறுத்தினார். மூன்றாவதற்கு ஐந்து பங்கு, ஆக மூன்று முனீஸ்வராவுக்கு நூற்று நாற்பத்து நாலு அடி என்று முன்கூட்டியே சொன்னார். கல்லை விட்டார், நான் எண்ணினேன், சரியாக மூன்று. பிறகு சங்கிலி விட்டு அளந்தோம். ஒரு முழம்தான் வித்தியாசம்!

திம்மராயா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐம்பது வருஷமாகத் தேங்காய் விழுந்து பார்த்திருக்கிறேன், புளியம்பழம் விழுந்து பார்த்திருக்கிறேன், ஒரு தடவை நானே மரத்திலிருந்து விழுந்திருக்கிறேன், ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. பள்ளிக்கூடம் போகாத கல், தள்ளுவார் இல்லாமல், ஒன்று, மூன்று, ஐந்து என்று பங்கு தவறாமல் இறங்குகிறது. உரல் அளவு கல்லையும் எலுமிச்சை அளவு கல்லையும் சேர்த்து விட்டோம். இரண்டும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. யார் சொல்லிக்கொடுத்தது இதற்கெல்லாம்? சாயங்காலம் வரை மாமனும் மருமகனும் கல் விட்டுக்கொண்டே இருந்தோம். கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது. இப்பேர்ப்பட்ட விஷயம் தெரிந்த பிள்ளையை விடுவேனா? மாசி பத்தாம் தேதி முகூர்த்தம்.

தாய்மாமன் சீரோடு நாலு நாள் முன்பே வந்துவிடு. உன் குழந்தைகளுக்கு என் ஆசி. அவர்கள் கிணற்றில் கல் போட்டால் அடிக்காதே, எண்ணச் சொல்.

இப்படிக்கு,
எல்லப்பன்

பி.கு.: கவரை ஒட்டும் முன் முனிலட்சுமி வாங்கிப் படித்தாள். "கல்லு எறங்க எறங்க வேகம் ஏறுது, சரி நைனா. அறுபத்து நாலு அடியிலிருந்து தெனம் இருபது கொடம் நான் மேல இழுக்கணுமே, அத ரெண்டு பேர்ல யாராச்சும் எண்ணிப் பாத்தீங்களா?" என்றாள். இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அவ்வளவு தெரிந்த மாப்பிள்ளைக்கும் தோன்றவில்லை. கேள்வியை அவருக்கு எழுதிவிட்டேன். பதில் வந்து அவள் சரி என்று சொல்லும் வரை முகூர்த்தம் கிடையாது. நீ புறப்படாதே.